மான்சா எடுத்த பாட்டு

அத்தியாயம் பதினொன்று

அராபாவின் கன்டெய்னர் மேல் ‘அகற்று’ என்று எழுதிவிட்டுப் போன பெயின்ட் இன்னும் காயவில்லை என்ற இடத்தில் போன வாரம் விட்டோம். இப்போது காய்ந்துவிட்டது.

சாலையை அகலப்படுத்துகிறார்கள். செகொண்டி மீன்பிடித் துறைமுகத்துக்கு இறங்கும் ரோட்டோரம் இருக்கிற கன்டெய்னர் கடைகள் எல்லாம் போக வேண்டும். தையல்காரி போய்விட்டாள். முடி பின்னுகிறவள் போய்விட்டாள். அராபா மட்டும் ஆறு கீபோர்டுகளை வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

வெறும் கீபோர்டுகள் இல்லை. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு டேப்லெட். திரையில் மேலிருந்து வெளிச்சக் கட்டிகள் இறங்கி வரும். எந்தக் கீ மேல் இறங்குகிறதோ அதை அமுக்க வேண்டும். சரியென்றால் பச்சை. தப்பென்றால் சிவப்பு, அதோடு திரை நின்றுவிடும். சரியானதை அமுக்கும்வரை அடுத்ததைக் காட்டாது. திட்டாது, முறைக்காது, பிரம்பு எடுக்காது. வலை இழுத்துக் கை காய்த்துப் போன ஆண்கள்கூட வேலை முடிந்து வந்து, தடித்த விரலால் ரெண்டு கீயைச் சேர்த்து அமுக்கிச் சிவப்பு வாங்கிக்கொண்டு, சிரித்தபடியே மறுபடி அமுக்குவார்கள். தலைநகர் அக்ராவில் ஒரு இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்தபோது அராபா பிடித்துக்கொண்டு வந்த வித்தை இது.

சர்ச் நிர்வாகத்தைப் பார்க்கிற ஸ்டூவர்டு குவேக்கோ ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்த வகுப்பில் கற்றுக்கொண்ட ஒருவன், அதாவது அராபாவின் தம்பி ஃபீஃபீ, ஒரு ஞாயிறு ஆராதனையை முழுசாகத் தடுமாறாமல் வாசித்துக் காட்டினால், சர்ச்சின் பக்க ஹால் வகுப்புக்கு. ஜெனரேட்டர் மின்சாரமும் சேர்த்து. தடுமாறினால் கீபோர்டுகளை விற்றுவிட்டு அராபா அக்ராவுக்கே திரும்ப வேண்டியதுதான்.

அந்த ஞாயிறு இன்றைக்கு.

*

“அம்மா, மணி என்னாச்சு தெரியுமா? இன்னும் மீனைப் பொரட்டிக்கிட்டு இருக்க.”

அராபாவின் அம்மா பென்சிவா தலை நிமிரவில்லை. துறைமுகத்தில் மீன் அண்டா சுமந்து சுமந்து அவள் கழுத்து ஆண்பிள்ளைக் கழுத்து மாதிரி உருண்டிருந்தது. புகையடுப்பின் மேல் தட்டில் மத்தி பொன்னிறமாகிக்கொண்டிருந்தது.

“நான் பொரட்டலன்னா மீன் தானா பொரண்டு படுக்குமா? உன் சிலேட்டைக் கொண்டாந்து இங்க வை. வெளிச்சம் காட்டட்டும், அதைப் பாத்துப் பொரளும்.”

அடுப்பின் மறுபக்கம் நின்ற மான்சா சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. இந்த அடுப்பு ரெண்டு பேருக்கும் பொது. விறகும் பொது, சண்டையும் பொது. போன மழைக்காலத்தில் மான்சாவின் புருஷன் போன படகு கவிழ்ந்து கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை. அதற்கப்புறம் மான்சா சர்ச்சுக்கு வருகிறாள், உட்காருகிறாள், போகிறாள். வாய் திறந்து பாடி யாரும் கேட்கவில்லை.

மான்சா குளிக்கப் போகும்வரை அராபா காத்திருந்தாள். ஒரு இடத்தில் கால் நிற்கவில்லை.

“அம்மா, நேத்து கேட்டேனே.”

“என்ன கேட்ட?”

“தெரியாத மாதிரி கேக்காதம்மா. ஒசோஃபோ இன்னைக்குப் பிரசங்கத்துல புயல் பத்திப் பேசப் போறாரு. ஏரியில படகு ஆடுற இடம் வந்ததும் நீ எந்திரிச்சு ‘கரை காணோம்’ பாட்டை எடுக்கணும். அவ்வளவுதான்.”

பென்சிவா கையில் இருந்த மீனைத் தட்டில் வைத்தாள்.

“பாட்டு வர்றது தும்மல் வர்ற மாதிரிடி. இந்த நேரத்துக்குத் தும்முறேன்னு யாராச்சும் சொல்லி வச்சுட்டுத் தும்முவாங்களா?”

எங்கள் சர்ச்சில் எண் போட்ட கீர்த்தனைகள் தனி. அவை புத்தகத்தில் இருக்கின்றன, அராபாவின் திரையிலும் இருக்கின்றன. ஆனால் பிரசங்கம் சூடு பிடிக்கிறபோது பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து ஒரு பாட்டை எடுப்பாள். ஒசோஃபோ, அதாவது எங்கள் போதகர், பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். அவள் அடி எடுக்க, சபை பதில் சொல்லும். அதற்கு எண் கிடையாது, எந்தச் சுருதி என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எடுத்தவள்தான் இறக்கி வைக்க வேண்டும், இடையில் யாரும் கை வைக்கக் கூடாது. கீபோர்டுக்காரன் பின்னால் ஓடிப்போய் அவள் குரலைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் எடுக்கிறவள் பென்சிவாதான்.

அராபா இதற்கும் ஒரு வழி செய்திருந்தாள். பென்சிவா அடுப்படியில் பாடும்போதெல்லாம் பக்கத்தில் போனை வைத்து அளந்தாள். எப்போது அளந்தாலும் ஐந்தரைக் கட்டை. எல்லாவற்றிலும் மனம் மாறுகிற மனுஷி, சுருதியில் மட்டும் மாறுவதில்லை.

“குவேக்கோவுக்காகக் கேக்கலம்மா. எனக்காக.”

“அந்த ஆளுக்காகக் கேட்டிருந்தா இந்த மீனாலயே அடிச்சிருப்பேன்.” பென்சிவா முந்தானைத் துணியில் கையைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். “சரி. ஒரு தடவை. ஆண்டவர் வேற பக்கம் பாத்துக்கிட்டு இருக்கட்டும். மான்சாகிட்ட மூச்சு விடாத. அவளுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா.”

வீட்டுக்குள் ஃபீஃபீ வாழையிலையில் கட்டிய கென்கே மாவுருண்டையைப் பிரிக்காமல் முன்னால் வைத்துக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. நேற்றிலிருந்து நகம் கடித்துக் கடித்து இனிக் கடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

“சாப்பிடுடா.”

“எறங்கலக்கா. அம்மா ஒத்துக்கிட்டாங்களா?”

“ஒத்துக்கிட்டாங்க. நீ கீபோர்டை அஞ்சரையில வச்சிட்டு உக்காரு. மத்தது தானா நடக்கும்.”

“வேற சுருதியில எடுத்துட்டா?”

“எடுக்க மாட்டாங்க.”

“எடுத்துட்டா?”

“பொத்தானை அமுக்கி மாத்துடா. எத்தனை தடவை செஞ்சிருக்க.”

செய்திருக்கிறான். ஆனால் அராபா எண் சொன்னபோது செய்திருக்கிறான். திரை எல்லாப் பாட்டையும் ஒரே இடத்தில், ஒரே விரல் வரிசையில் கற்றுக்கொடுத்துவிடும். சுருதி மாற்ற டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. எத்தனை தட்டுத் தட்டுகிறோமோ அத்தனை படி ஏறும், இறங்கும். இந்தப் பக்கம் சர்ச்சில் வாசிக்கிற முக்கால்வாசிப் பையன்கள் அப்படித்தான் வாசிக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் படிக்குப் போவது என்பதைக் காது சொல்ல வேண்டும். ஃபீஃபீயின் காதை இதுவரை யாரும் வேலை வாங்கவில்லை. கண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது.

*

ஆரம்பம் நன்றாகத்தான் போனது.

முதல் கீர்த்தனை பச்சை. ரெண்டாவது பச்சை. காணிக்கைப் பாட்டுக்குச் சபையே வரிசையாக ஆடிக்கொண்டு போனது. ஃபீஃபீ நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டான். முன்வரிசையில் ஸ்டூவர்டு குவேக்கோ தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அராபா கீபோர்டுக்குப் பக்கத்து பெஞ்சில், திரை தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி சுற்றியும் முதுகு நனைந்தது.

பிரசங்கம் தொடங்கியது. அராபா திரையை மாற்றி வைத்தாள். வெளிச்சக் கட்டிகள் போய் ரெண்டு கோடுகள் வந்தன. பாடுகிறவர் குரலுக்கு ஒரு கோடு, கீபோர்டுக்கு ஒரு கோடு. ரெண்டும் ஒட்டி ஓடினால் பச்சை, விலகினால் சிவப்பு. கேட்டதை எல்லாம் பதிவும் செய்துவைக்கும்.

பெண்கள் வரிசை முழுக்க வெள்ளையும் நீலமுமாக இருந்தது. பென்சிவா மூன்றாம் பெஞ்சில். அவளுடைய வலது கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஒப்புக்கொண்டபடி பாடுவதற்காக உட்கார்ந்திருந்தது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. திருடப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

“காற்று எதிராக அடித்தது,” என்றார் ஒசோஃபோ. “படகு நிரம்பத் தொடங்கியது. அவர்கள் துடுப்பை விட்டுவிட்டு, கையால் தண்ணீரை அள்ளி அள்ளி...”

பென்சிவா முன் பெஞ்சில் கை ஊன்றி எழப்போனாள்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“கரை காணோம் ஐயா... கை நீட்டும்.”

அடிக்குரல். புகை தின்ற குரல். எல்லோரும் திரும்பினார்கள். மான்சா நின்றுகொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது, கைகள் ரெண்டும் பக்கவாட்டில் தொங்கின. பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஒசோஃபோ வேதபுத்தகத்தின் மேல் கையை வைத்துப் பேச்சை நிறுத்தினார்.

“கை நீட்டும், கை நீட்டும்,” என்று சபை மெதுவாகப் பதில் சொன்னது.

மான்சா நாலு கட்டையில் எடுத்து, ரெண்டாவது அடியும் பாடியிருந்தாள்.

அப்போது ஃபீஃபீ ஐந்தரையில் உள்ளே வந்தான்.

ஒரே அறையில் ரெண்டு வீட்டுச் சண்டை நடக்கிற மாதிரி இருந்தது. வாலிபர் வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். ஃபீஃபீயின் காது மடல் துடித்தது. பொத்தானைத் தட்டினான். கொஞ்சம் இறங்கியது. இன்னும் தட்டினான், வியர்த்த விரல் வழுக்கி நிறைய இறங்கிவிட்டது. மேலே தட்டினான். நாலரையில் வந்து நின்றான். அதுதான் சரி என்று நினைத்துக்கொண்டானா, இனித் தேட முடியாதென்று விட்டுவிட்டானா, தெரியவில்லை.

வெகுதூரம் விலகியிருந்தாலும் காது எப்படியோ பொறுத்துக்கொள்ளும். அரைக் கட்டை விலகல், பல்லில் மணல் கடிபடுகிற மாதிரி. திரையில் ரெண்டு கோடுகளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. நடுவில் சிவப்பு.

“கையை எடுடா,” என்று அராபா பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். “வாசிக்காத. எடு.”

அவன் எடுக்கவில்லை. எடுத்தால் தோற்றதாக ஆகிவிடும். குவேக்கோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மான்சாவுக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவள் எங்கேயோ இருந்தாள். சபை மட்டும் தடுமாறியது. பாதிப் பேர் அவள் பக்கம், பாதிப் பேர் கீபோர்டு பக்கம் என்று பதில் பிளந்தது.

பதில் முடிந்தது. மான்சா அடுத்த அடிக்கு மூச்சை இழுத்தாள்.

பென்சிவா எழுந்தாள்.

“கரை காணோம் ஐயா!”

நாலரையில். மகனின் கை எங்கே இருந்ததோ அங்கே. துறைமுகத்தில் படகு விட்டுப் படகு கூப்பிடுகிற தொண்டை அது. அந்தச் சபைக்கு அந்தக் குரலைப் பின்பற்றிப் பழக்கம். அரைக் கட்டை ஏறச் சொன்னதும் ஏறிவிட்டது. ஜனங்கள் எழுந்து நின்றார்கள். வெள்ளைக் கைக்குட்டைகள் பறந்தன. குவேக்கோவும் ஒன்றை வீசினார். ஃபீஃபீயின் விரல்கள் வெறி பிடித்த மாதிரி ஓடின.

திரை பச்சை. கடைசிவரை பச்சை.

மான்சா கண்ணைத் திறந்திருந்தாள். இழுத்த மூச்சு அவள் வாயிலேயே நின்றது. பென்சிவாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, யார் காலையும் மிதிக்காமல், பக்க வாசல் வழியாக வெளியே போனாள்.

*

ஆராதனை முடிந்ததும் ஒசோஃபோ இவர்களையும் மான்சாவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். வாசலில் பென்சிவா மகளின் கையைக் கிள்ளினாள்.

“உள்ள போனா வாயைத் திறக்காத. நான் பாத்துக்கறேன்.”

உள்ளே குவேக்கோ டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

“பாருங்க ஒசோஃபோ. இங்க சிவப்பு, பையன் தேடுறான். இங்க புடிச்சுட்டான். அப்புறம் முழுக்கப் பச்சை! முன்னாடி கீபோர்டு வாசிச்ச நம்ம ஆளு என்னைக்காவது இவ்வளவு சீக்கிரம் புடிச்சிருக்காரா? பாட்டு முடிஞ்சு ஆமென் சொல்லும்போதுதான் அவருக்குச் சுருதியே கெடைக்கும்.”

“அதை அப்புறம் பாப்போம் ஸ்டூவர்டு,” என்றார் ஒசோஃபோ. “மான்சா, நீங்க உக்காருங்க.”

மான்சா உட்காரவில்லை. கதவுப் பக்கத்திலேயே நின்றாள்.

“நான் புகார் சொல்ல வரல ஒசோஃபோ. நீங்க கூப்பிட்டதால வந்தேன்.” பென்சிவா பக்கம் திரும்பினாள். “ஏன்டி?”

அந்த ஒரு வார்த்தைதான்.

பென்சிவா நேராக அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். “என்னைக் கேக்காத மான்சா. ஆவி தூக்கிருச்சு. நான் எந்திரிச்சதே எனக்குத் தெரியாது.”

அப்படிச் சொல்லிவிட்டால் எங்கள் சபையில் அதற்கு மேல் பேச்சில்லை. பரிசுத்த ஆவி ஒரு வாயிலிருந்து எடுத்து இன்னொரு வாயில் வைத்தால் மனுஷர் என்ன கேட்க முடியும்?

மான்சா கீழே பார்த்தாள். அவளுடைய புறங்கையில் அடுப்புச் சூட்டுத் தழும்புகள் வரிசையாக இருந்தன.

“ஆவின்னா கேக்குறதுக்கு நான் யாரு,” என்றாள். “எனக்கு இது போதும்னு நெனச்சிருப்பாரு. சரி.”

“அல்லேலூயா,” என்றார் குவேக்கோ, நிம்மதியாக. “அப்ப ஹால் விஷயம்...”

ஃபீஃபீ சுவரில் சாய்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹால் கைக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கும் கெட்ட பெயர் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் மான்சா கதவைத் திறந்துகொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு முதல்முறை வாய் திறந்து, அதையும் ஆண்டவரே வேண்டாமென்று நிறுத்திவிட்டார் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகப்போகிறாள்.

“ஸ்டூவர்டு, அந்தத் திரையை நீங்க தப்பாப் பாக்குறீங்க,” என்றாள் அராபா.

“அராபா!” என்றாள் பென்சிவா.

“சிவப்பு வரைக்கும்தான் என் தம்பி. பச்சை எங்கம்மா. அவன் பாட்டைப் புடிக்கவே இல்ல. அம்மா பாட்டைத் தூக்கிட்டு வந்து அவன் கையில குடுத்தாங்க. மெஷினுக்கு ரெண்டு கோடும் சேந்தாப் போதும், யார் யார்கிட்ட வந்தாங்கன்னு அது பாக்காது.”

குவேக்கோ திரையைப் பார்த்தார், ஃபீஃபீயைப் பார்த்தார்.

“நெசமாடா?”

ஃபீஃபீ தலையை மட்டும் அசைத்தான்.

“இன்னைக்கு அந்தப் பாட்டை அம்மா எடுக்குறதாத்தான் ஏற்பாடு,” என்றாள் அராபா. வாய் திறந்த பிறகு நிற்கவில்லை. “மான்சா ஆன்ட்டி முந்திக்கிட்டாங்க. சுருதி வேற. அதான்...”

“ஏற்பாடா?” ஒசோஃபோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “என் பிரசங்கத்துலயா? எந்த இடத்துல எந்திரிக்கணும்னு சொல்லி வச்சா?”

அராபா தலையாட்டினாள்.

மான்சா கதவை மறுபடி சாத்தினாள். பென்சிவாவுக்கு முன்னால் வந்து நின்றாள். இத்தனை நேரம் அவள் முகத்தில் வருத்தம்தான் இருந்தது. இப்போது அது இல்லை.

“அப்ப உன்னைத் தூக்கினது ஆவி இல்ல. புள்ள.”

“மான்சா, நான் சொல்றதை...”

“ஆவின்னு சொன்ன. என் மூஞ்சியைப் பாத்துச் சொன்ன. பொறாமைன்னு சொல்லியிருந்தாக்கூட நாளைக்கு மறந்திருப்பேன்டி.” மான்சாவின் குரல் உயரவே இல்லை. “செவ்வாக்கிழமை கடலுக்கு ஓய்வு, யாரும் போகமாட்டாங்க. எல்லாப் பொம்பளைங்களும் கூட்டத்துக்கு வருவாங்க. நீ இனிமே இந்தச் சர்ச்சுல பாட்டு எடுக்கலாமா கூடாதான்னு அங்க பேசிக்கலாம்.” அராபாவிடம் திரும்பினாள். “அந்தச் சிலேட்டையும் எடுத்துக்கிட்டு வா. எந்த எடத்துல உங்கம்மா என் வாயில இருந்து புடுங்கினான்னு அதுல இருக்குமில்ல?”

கதவைச் சாத்திக்கொண்டு மான்சா போனாள்.

குவேக்கோ டேப்லெட்டை மேசைமேல் அராபா பக்கமாகத் தள்ளினார்.

“ஹால்ல வாலிபர் சங்கத்துக்காரங்க டேபிள் டென்னிஸ் போடணும்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க,” என்றார். “பாப்போம்.”

*

கன்டெய்னருக்குள் உச்சிவெயிலில் இருப்பது அடுப்புக்குள் இருப்பது மாதிரி. ஆனாலும் மூன்று பேரும் அங்கேதான் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போனால் முற்றத்தில் மான்சா இருப்பாள்.

பென்சிவா தலைத்துணியை அவிழ்த்து மடியில் போட்டாள். அவிழ்த்ததை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள்.

“நீ உண்மையைப் பேசிட்ட. நல்லது. உன் மனசு கழுவி வச்ச அண்டா மாதிரி ஆயிருக்கும். ஹால் போச்சு. மான்சா போனா. நாளைக்குக் காலைல அவ எதுக்க நின்னு மீன் பொரட்டப் போறது நீ இல்ல, நான்.”

“ஆண்டவரே வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு நெனச்சுக்கிட்டுப் போனாங்கம்மா. அப்படியே விட்டுடறதா?”

“விட்டிருக்கணும். நான் எப்படியாவது சரி பண்ணியிருப்பேன்.”

“எப்படிம்மா?”

பென்சிவா கோபத்தை யார்மேல் இறக்குவதென்று தெரியாமல் ஃபீஃபீ பக்கம் திரும்பினாள்.

“நீ ஏன்டா கையை எடுக்கல? எருமை மாதிரி உக்காந்து அமுக்கிக்கிட்டே இருந்தியே. சும்மா இருந்திருந்தா அவ பாட்டுக்குப் பாடி முடிச்சிருப்பாளே!”

“எடுத்தா வகுப்பு போயிடும்னு நெனச்சேன்.”

“இப்ப எங்கடா இருக்கு அது?”

ஃபீஃபீ டேப்லெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் எதையோ தேடினான்.

“அக்கா, இதை அழிச்சிடட்டுமா?”

“எதை?”

“இன்னைக்குப் பதிவானதை. செவ்வாக்கிழமை சிலேட்டு எங்கன்னு கேட்டா ரிப்பேர்னு சொல்லிக்கலாம். இது இல்லைன்னா அவங்க வாய்வார்த்தைதான். பாதிப் பேரு அம்மா பக்கம் பேசுவாங்க.”

அராபா தம்பியைப் பார்த்தாள். காலையில் அம்மாவை ஏற்பாட்டுக்கு இழுத்தது அவள்தான், மதியம் ஏற்பாட்டை உடைத்ததும் அவள்தான். இதற்கும் தானே பதில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“அம்மா சொல்லட்டும்,” என்றாள்.

வெளியே ஒரு வேன் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு துறைமுகப் பக்கம் இறங்கியது.

“அதுல குரலும் இருக்கா? இல்ல வெறும் கோடா?” என்றாள் பென்சிவா.

“குரலும் இருக்கு.”

“போடு.”

“எதுக்கும்மா, இப்ப போயி...”

“போடுடான்னா.”

ஃபீஃபீ போட்டான். முதலில் ஒசோஃபோவின் பேச்சு, இருமல், ஒரு குழந்தையின் சிணுங்கல். பிறகு தகரச் சுவர்களுக்கு நடுவில் மான்சா எழுந்தாள்.

கரை காணோம் ஐயா, கை நீட்டும்.

பென்சிவாவின் கை தலைத்துணியில் நின்றது. சர்ச்சில் அவள் இதைக் கேட்கவில்லை. அப்போது மகன் என்ன செய்கிறான், குவேக்கோ எங்கே பார்க்கிறார், இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த அடியில் குரல் ஒரு இடத்தில் கீறி, கீறிய இடத்திலேயே கொஞ்சம் நின்று, பிறகு இறங்கியது.

கீபோர்டு சத்தம் உள்ளே புகுந்தது.

“நிறுத்து.”

நிறுத்தினான்.

“உன் குரல் இனிமேதாம்மா வரும்.”

“என் குரலு எனக்குத் தெரியும். பின்னாடி போ. அவ எடுத்த எடத்துக்குப் போ.”

மறுபடி போட்டான். மறுபடி அந்த ரெண்டு அடி. கீபோர்டு வருவதற்கு முன்னாலேயே பென்சிவா கையைத் தூக்கினாள், அவன் நிறுத்தினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. வியர்வையோடு சேர்ந்து அது தானாக இறங்கியது.

“படுபாவி,” என்றாள். யாரைச் சொன்னாள் என்று பிள்ளைகள் கேட்கவில்லை. “எவ்வளவு அழகா எடுத்திருக்கா பாரு.”

“அழிக்கட்டுமாம்மா?”

“கையை எடுடா அதுலருந்து.”

“அம்மா, கூட்டத்துல இதைப் போட்டாங்கன்னா உன்னைப் பாட விடமாட்டாங்க,” என்றாள் அராபா.

“விட மாட்டாளுக.”

“அப்புறம்?”

“அவ கண்ணை மூடிக்கிட்டுப் பாடினா. நடுவுல நான் புகுந்துட்டேன். அவ என்ன பாடினான்னு அவளுக்கே தெரியாது.” பென்சிவா தலைத்துணியை உதறி, மறுபடி கட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். “செவ்வாக்கிழமை கொண்டு வா. எல்லாரு முன்னாடியும் போடு. என்னை என்ன பண்ணணுமோ பண்ணிக்கட்டும்.”

ஃபீஃபீ திரையிலிருந்து விரலை எடுத்தான்.

“வெளிய வெயிலு கொஞ்சம் தாழட்டும், வீட்டுக்குப் போவோம்,” என்றாள் பென்சிவா. “அதுவரைக்கும் இன்னொரு தடவை போடு.”